கழன்றால் கத்தாத இயந்திரம்

மூன்று, ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் இரண்டு. டிக் டிக் டிக், டிக் டிக். ஆதிரையைத் தோளிலிருந்து இறக்கித் தொட்டிலில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் முதலில் கேட்டது, அதற்கு முன்னாலும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கலாம், அவள் அழுகையில் எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற பால்கனிப் பக்கமிருந்து வருகிறது. அங்கே என்ன இருக்கிறது, வாஷிங் மெஷின், அதன் பிளக்கை நானே பிடுங்கிவிட்டேன். காலி சிலிண்டர் ஒன்று, அது சத்தம் போடாது. விளக்குமாறு, துணிக்கொடி, என் வீட்டுக்காரர் சபரியின் பழைய ஹெல்மெட். இதில் எது மூன்று தட்டி, நிறுத்தி, இரண்டு தட்டும்? மூன்றும் இரண்டும் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். நான் கையேடு எழுதுகிற இயந்திரங்களில், உயிருக்கு ஆபத்து, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா என்பதற்கு அந்தத் தாளம். அதைச் சொல்லும் அத்தியாயத்தை எழுதினவளே நான்தான். நான் எழுதினதை என் வீட்டுப் பின்பக்கத்தில் யாரோ படித்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. ஆடிக் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து இந்த வடவள்ளி வரைக்கும் வந்து மூன்றாம் மாடி ஜன்னலை எல்லாம் உலுக்குகிறது, இந்தக் காற்றை நம்பித்தான் சபரிக்குச் சம்பளம், உடுமலைக்கு அந்தப் பக்கம் காற்றாலைகளின் உச்சியில் ஏறி இறங்குகிற வேலை, ஆடி ஆவணியில் வாரத்துக்கு நாலு ராத்திரி அங்கேதான். கிளம்பும்போது சொன்னேன், மாமா, பின்கதவுத் தாழ்ப்பாள் விழமாட்டேங்குது என்று. ஒரு தட்டு தட்டு போயிரும் என்றார், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. எங்கே தட்டணும், எப்படித் தட்டணும், மேலேயா கீழேயா, ஒன்றும் கிடையாது. அவர் தட்டினால் போகிறது, நான் தட்டினால் போகவில்லை. ஆக, கதவு சாத்தியிருக்கிறது, தாழ் போடவில்லை, கைப்பிடியின் சின்ன நாக்கு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் என்னமோ தட்டுகிறது, இந்தப் பக்கம் நானும் ஏழு மாதக் குழந்தையும் முடிக்காத ஒரு பக்கமும். எழுந்து போய்ப் பார்க்கலாம். பார்க்கலாம்தான். இந்த ஒரு பக்கத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அது வேலை மீதுள்ள அக்கறை இல்லை, கால் வரமாட்டேன் என்கிறது.

நாளைக் காலைக் கூட்டத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். ஒரே பக்கம் போதும் என்று மேனேஜர் கஜேந்திரன் சார் சொல்லிவிட்டார், பாசிட்டிவாக இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனி பிறந்த குழந்தைகளுக்கான இயந்திரங்கள் செய்கிறது, முக்கியமாக வார்மர், குறைமாதத்தில் வந்ததையும் சூடு தங்காததையும் படுக்க வைத்து மேலிருந்து இதமாகச் சூடு காட்டுகிற மேடை. அவற்றின் கையேடுகள் இன்றுவரை வேர்ட் ஃபைல்களாகக் கிடக்கின்றன, மாடலுக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, ஃபைனல் என்று ஒன்று, ஃபைனல் புதுசு என்று ஒன்று, இதுதான் ஃபைனல் என்று இன்னொன்று. இனிமேல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு, வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து அடுக்கி, எந்தக் கையேட்டுக்கு எது வேண்டுமோ அதைக் கோத்துத் தருகிற ஒரு சிஸ்டம் வாங்கப் போகிறார்கள். எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. கழித்துக் கழித்துக் கடைசியில் நின்றவை இரண்டு. அவற்றின் நிஜப் பெயர்கள் யார் நாக்கிலும் நிற்கவில்லை, பக்கத்து நாற்காலியில் மொழிபெயர்ப்பு பார்க்கும் முபீனாக்கா வைத்த பெயர்கள்தான் நின்றன. ஒன்று மைனர். இன்னொன்று தாசில்தார். மைனர் பார்க்க ஜோர், வெள்ளை வெளேரென்று திரை, தொட்ட இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும், சேல்ஸ்காரர்கள்கூட உள்ளே வந்து எழுதலாம், யாரையும் எதுவும் கேட்காது. தாசில்தார் பழைய ஆபீஸ் மாதிரி சாம்பல் நிறம், ஒரு வாக்கியத்தை உள்ளே விடுவதற்குள் ஆயிரம் கேள்வி, இது எந்த மாடலுக்கு உண்மை, எந்த வருஷத்திலிருந்து, யார் பார்த்து ஒப்புக்கொண்டது, பதில் போடாமல் ஒரு அடி நகராது. ஒரு சாதிச் சான்றிதழும் கேட்டுட்டா முடிஞ்சுதுடீ என்றாள் முபீனாக்கா, சிரித்துச் சிரித்து டப்பாச் சோறு புரையேறியது. சரி, ரெண்டில் எவனைக் கட்டிக்கப் போறே என்று வேறு கேட்டாள். கட்டிக்கொள்வது மாதிரிதான். வாங்கினால் பத்து வருஷத்துக்கு விட முடியாது. எழுதினதையெல்லாம் உள்ளே கொட்டின பிறகு, பிடிக்கவில்லை என்று யாரும் வெளியே வந்துவிட முடியாது. டிக் டிக் டிக். இல்லை, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் நாலு மாதிரியும் இருக்கிறது. டிக் டிக். ஆதிரை கையை உதறி மறுபடி மடக்கிக்கொள்கிறாள். தூங்கும்போது இவளுக்கு மட்டும் யாரையோ அதட்டுகிற முகம் எங்கிருந்து வருகிறது, சபரி வீட்டு முகம்.

மைனரைக் கொண்டுவந்து காட்டின பையனை நான் குறை சொல்ல மாட்டேன். பெங்களூரிலிருந்து வந்திருந்தான், இஸ்திரி கலையாத சட்டை, நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பு. காட்டுவதற்கு எங்கள் வார்மர் கையேட்டிலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்தான், அது அவன் மரியாதை. குழந்தையின் வயிற்றில் ஒட்டுகிற சென்சாரைப் பற்றியது. அந்தச் சென்சார்தான் குழந்தைக்கு எவ்வளவு சூடு என்று இயந்திரத்துக்குச் சொல்லும். அது கழன்று கீழே கிடந்தால், குழந்தை குளிர்ந்துவிட்டது என்று நினைத்து இயந்திரம் மேலும் மேலும் சூட்டைக் கூட்டும். அதனால் புது மாடலில், கழன்ற உடனே கத்துகிற மாதிரி செய்திருக்கிறார்கள். சென்சார் கழன்றால் இயந்திரம் ஒலி எழுப்பும். அவன் அந்த வாக்கியத்தைத் தொட்டான், ஒரு சொல்லை மாற்றினான், ஒரு பட்டனை அழுத்தினான், திரையில் எங்கள் கையேடுகள் முழுவதும், எல்லா மாடலும் எல்லா மொழியும், பச்சைப் பச்சையாக எரிந்து அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டன. கஜேந்திரன் சார் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். முபீனாக்காகூடத் தட்டினாள், அத்தனை மொழியில் அத்தனை தடவை ஒட்டி ஒட்டிச் செத்தவள் அவள், தட்டாமல் என்ன செய்வாள். நான் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பழைய மாடலும் பச்சையாக எரிந்தது, சூட்டைக் கூட்டிக் குறைக்க வட்டமான இரண்டு திருகுகள் வைத்தது, நாங்கள் செய்வதை நிறுத்திவிட்டோம், ஆனால் ஊரூராக ஆஸ்பத்திரிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் சென்சார் கழன்றால் ஒன்றும் கத்தாது. சும்மா இருக்கும். சும்மா இருந்துகொண்டே சூட்டைக் கூட்டும். அதன் கையேட்டில் அந்த இடத்தில் வேறு வாக்கியம் இருந்தது, பச்சை எரிந்த நிமிஷத்தில் அது போய்விட்டது, போனதை அந்த அறையில் ஒருவரும் பார்க்கவில்லை. இனி ஒரு நர்ஸ் ராத்திரி டியூட்டியில் புதுக் கையேட்டைப் படித்துவிட்டு, சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த குழந்தையிடம் போவாள். சத்தம் வராது.

நான் கையைத் தூக்கினேனா, இல்லையா, ஞாபகம் இல்லை. கான்வென்ட்டில் பதில் தெரிந்தால்தான் கை தூக்க வேண்டும், கேள்வி இருக்கிறவர்கள் தூக்கக் கூடாது, கேள்வி கேட்கிற பெண்ணுக்கு ரிப்போர்ட்டில் அமைதியற்றவள் என்று வரும். குன்னூர் ஹாஸ்டலில் ஏழு வருஷம். விளக்கணைத்த பிறகு சிஸ்டர் வராந்தாவில் நடந்துவருவார், இடுப்பு ஜெபமாலை சாவிக்கொத்தில் தட்டித் தட்டி, டிக் டிக், டிக், நாங்கள் அத்தனை பேரும் கண்ணை இறுக மூடித் தூங்குகிறவர்களாகிவிடுவோம். கடைசியில் கதவு சாத்துகிற சத்தம், வெளியிலிருந்து தாழ் விழுகிற சத்தம். உங்கள் பாதுகாப்புக்கு என்பார்கள். எனக்கு அப்போதெல்லாம் ஒரே யோசனை, உள்ளே தீப்பிடித்தால்? கேட்கவில்லை, ஏழு வருஷமும் கேட்கவில்லை. நல்ல பெண், நிவேதினி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், மார்ஜின் தாண்டாது. அந்த நல்ல பெண் அன்றைக்குக் கூட்டத்தில் வாயைத் திறந்தாள், அவ்வளவு நேரம் எல்லோரும் பேசின இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் வந்தது.

“பழைய மெஷினுக்கு இது பொய்யாச்சுங்களே.”

பெங்களூர்ப் பையன் சிரித்த முகத்தோடே கஜேந்திரன் சாரைப் பார்த்தான். சார் மொழிபெயர்த்தார், பாதியை விட்டுவிட்டு. பையன் உடனே பதில் சொன்னான், அதற்கும் வசதி இருக்கிறது மேடம், வேண்டிய வாக்கியத்துக்கு வேண்டாத மாடலைத் தள்ளி வைக்கலாம், எழுதுகிறவர்கள் கொஞ்சம் ஒழுங்காக இருந்தால் போதும். எழுதுகிறவர்கள் மறந்தால் என்று கேட்டேன். மறந்தால், என்றான், நிறுத்தினான், அதற்கு அவனிடம் பட்டன் இல்லை. அந்த நிறுத்தம் எனக்குள் இன்னும் இனிக்கிறது, சொல்லக் கூடாது, ஆனால் இனிக்கிறது. தாசில்தார் மறக்க விடாது. எந்த மாடலுக்கு உண்மை என்று சொல்லாத வாக்கியம் அதன் வாசலிலேயே நிற்கும். கூட்டம் முடிந்து லிஃப்ட்டுக்கு நிற்கும்போது கஜேந்திரன் சார் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். ஆதிரை பிறந்தபோது ஆபீஸ் சார்பில் கவுன் அனுப்பினவர்.

“லீவு முடிஞ்சு இப்பத்தான் வந்திருக்கீங்க நிவேதினி. வீட்டில இருந்து பார்க்கிறதுக்கு நானே பேசி வாங்கிக் கொடுத்திருக்கேன். இதுல போய் முட்டிக்காதீங்க.”

மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார், லிஃப்ட் வந்ததும் முதலில் என்னை ஏறச் சொன்னார். மைனருக்கு அவர் மேலிடத்தில் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு என் பக்கம் அதற்கு மாறாக நின்றால், தினமும் ஆபீசுக்கே வந்துவிடுங்கள் என்று ஒரே ஒரு வரி அவர் அனுப்பினால் போதும், ஏழு மாதக் குழந்தையை யாரிடம் விடுவேன், சபரி கம்பத்து உச்சியில், என் அம்மா துபாயில் அண்ணன் வீட்டில். வேலையே போய்விடும். ராஜினாமா என்று அதற்குப் பெயர் வைத்துக் கேக் வெட்டுவார்கள்.

இந்த இடத்தில் எழுந்து போய் அந்தச் சத்தம் என்னவென்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆதிரையின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன், சூடு சரியாக இருக்கிறது, வயிறு ஏறி இறங்குகிறது. இந்த வயிற்றில் ஒரு சென்சார் ஒட்டியிருந்தது. நாள் முந்தி, எடை குறைந்து வந்தாள், பொள்ளாச்சியில் சின்ன ஆஸ்பத்திரி, தையல் போட்டு என்னைத் தள்ளிக்கொண்டு வந்து படுக்கையில் விட்டபோது அந்த மூலையில் அவளை வைத்திருந்தார்கள். தலையைத் திருப்பிப் பார்த்தேன். வட்டமான இரண்டு திருகுகள். எங்கள் பழைய மாடல். உலகத்தில் எந்தத் தாய்க்கும் அன்றைக்கு அந்தப் பயம் வந்திருக்காது, எனக்கு வந்தது, ஏனென்றால் அந்த இயந்திரம் எதைச் செய்யாது என்று எனக்குத் தெரியும். எழுந்திருக்க முடியவில்லை. மாதவிடாய் வலியில்கூடச் சத்தம் போடாமல் வளர்ந்தவள், அந்த வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன், சிஸ்டர், அது கழன்றா கத்தாதுங்க, சிஸ்டர். நர்ஸ் திரும்பினாள். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜுரத்தில் பிதற்றுகிறேனோ என்று.

“தெரியுமுங்க்கா. அதுலயே போட்டிருக்குது பாருங்க. நாங்கதான் அப்பப்பப் பாத்துக்கோணும்.”

வார்மர் கம்பத்தில் ஒரு தாளைப் பிளாஸ்டிக் போட்டு ஒட்டியிருந்தார்கள். கையேட்டிலிருந்து ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தது, ஓரமெல்லாம் பழுப்பேறி. படுத்த இடத்திலிருந்து எழுத்து தெரியவில்லை, தெரிய வேண்டியதில்லை. சென்சார் கழன்றால் இந்த இயந்திரம் ஒலி எழுப்பாது. நீங்கள் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எழுதினது. அப்போது இருந்த மேனேஜர், நம் இயந்திரத்தின் குறையை நாமே இப்படி முகத்தில் அடிக்கிற மாதிரியா போடுவது என்று கேட்டார், நல்ல பெண் நிவேதினி எதிர்த்துப் பேசவில்லை, வாக்கியத்தை எடுக்கவும் இல்லை, அப்படியே பிரிண்டுக்கு அனுப்பிவிட்டாள். அந்த நர்ஸ் வந்து வந்து பார்த்தாள். மற்றக் குழந்தைகளுக்கு நடுவில், ஊசி போடப் போகிற வழியில், ஆதிரையின் வயிற்றில் விரலை வைத்து அழுத்திவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் நான் பார்த்தேன். ஒரு தடவை அது நிஜமாகவே கழன்றிருந்தது. வெள்ளை ஒட்டு ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது, இயந்திரம் வாயைத் திறக்கவில்லை, அவள் பார்த்தாள், துடைத்தாள், புதிதாக ஒட்டினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. யாரிடமும் சொன்னதில்லை, சபரியிடம்கூட. சொன்னால் பெருமை அடிக்கிற மாதிரி இருக்கும் என்று. பெருமைதான். சபரி கம்பத்து மேலே ஏறி ஊருக்கு வெளிச்சம் கொடுக்கிறார், சரி, நான் எழுதின இரண்டு வரி ஒரு இருட்டு வார்டில் என் குழந்தைக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தது.

அதைத்தான் பச்சையாக எரித்து அழிக்கப் பார்த்தார்கள், கை தட்டிக்கொண்டு. இப்போது விரல் தானாக அடிக்கிறது. தாசில்தாரையே வாங்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். மைனரின் அழகையும் வேகத்தையும் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொண்டு எழுதினேன், பொய் சொல்லக் கூடாது. நம் கையேடுகளுக்கு வேகம் பிரச்சினை இல்லை, ஒரு வாக்கியம் தனக்கு உரிமை இல்லாத இயந்திரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுவதுதான் ஆபத்து. அடித்தேன், உரிமை என்பதை எடுத்துவிட்டுப் பொருந்தாத என்று போட்டேன், மார்ஜின் தாண்டாத பெண். டெமோவில் நடந்ததை அப்படியே போட்டேன், எந்த வாக்கியம், எந்தக் கையேடு, அழிந்துபோன வாக்கியம் எது, அது அழிந்ததால் வார்டில் என்ன ஆகும். பெங்களூர்ப் பையனைப் பற்றி ஒன்றும் போடவில்லை, கஜேந்திரன் சார் கை தட்டினதையும் போடவில்லை. தாசில்தாருக்கு மாறுவது பெரிய வேலை, பழைய கையேடுகளின் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, நீ எந்த மெஷினுக்கு உண்மை என்று கேட்க வேண்டும், அந்த வேலையை நானே பொறுப்பேற்றுச் செய்கிறேன். நானே என்று அடித்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆனது. ஆனால் வேறு யாருக்குத் தெரியும்? அந்த ஆபீசில் எந்த வாக்கியம் எங்கே பிறந்தது, எந்த மாடலில் யார் கேட்டதற்காக மாறியது என்று என் ஒருத்தி தலையில்தான் இருக்கிறது. இத்தனை நாள் அதை ஞாபக சக்தி என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கம் என்றார்கள், ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. கீழே என் பெயர். நிவேதினி சபரிவாசன் என்று போட்டு, ஏற இறங்கப் பார்த்து, கஜேந்திரன் சாருக்கு அனுப்புவதோடு கூட்டத்துக்கு வருகிற மற்ற மூன்று பேருக்கும் சேர்த்துப் போட்டேன். இல்லாவிட்டால் காலையில் ஒரு ஃபோன் வரும், கொஞ்சம் மாத்திக்கலாமா என்று, நான் மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அனுப்பினேன். போய்விட்டது.

டிக் டிக் டிக். பயம் போகவில்லை, அது எங்கே போகும், ஆனால் கால் வருகிறது. ஆதிரையின் தொட்டிலைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, சமையலறை விளக்கைப் போட்டேன். கிட்டப் போகப் போக மூன்றும் இல்லை, இரண்டும் இல்லை, காற்றுக்குத் தோன்றினபடி தட்டுகிறது, மூன்றும் இரண்டுமாக அடுக்கிக்கொண்டது என் தலைதான். கதவுதான். தாழ்ப்பாளின் இரும்புக் கம்பி துளைக்குள் போகாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, காற்று கதவை வெளியே உறிஞ்சி விடும்போதெல்லாம் நிலைத் தகட்டில் முட்டுகிறது. இத்தனை நேரமும் நான் விழவில்லை, நான் விழவில்லை என்று அதுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பிடறி வேர்த்துப்போய் நின்றுகொண்டு சிரித்துவிட்டேன். நல்ல கதவு, சொல்கிற கதவு. கண்ணாடியில் கன்னத்தை வைத்து வெளியே பார்த்தேன், விளக்குமாறு, சிலிண்டர், ஹெல்மெட், யாருமில்லை. தட்டினேன், சபரி சொன்னபடி. போகவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன், போகவில்லை. ஆத்திரப்படாமல் குனிந்து பார்த்தால் தெரிகிறது, மழை ஈரத்தில் கதவு கீழே தொங்கிவிட்டது, கம்பி துளைக்கு ஒரு நூல் கீழே நிற்கிறது, இதைத் தட்டி என்ன பிரயோஜனம், தூக்க வேண்டும். சபரி தட்டும்போது தோளும் சேர்ந்து தூக்குகிறது, அது அவருக்கே தெரியாது, அதனால்தான் சொல்லத் தெரியவில்லை. காற்று ஓய்கிற வரை பொறு. கைப்பிடியைப் பிடித்து உன் பக்கம் இழு. இழுத்த பிடியை விடாமல், வலது கால் கட்டைவிரலைக் கதவுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கு. துளையும் கம்பியும் நேராவதைக் கண்ணால் பார். பொருந்துவது இந்தக் கதவுக்கு மட்டும், காற்றுக் காலத்தில். இப்போது தள்ளு. தள்ளினேன், கம்பி முனகிக்கொண்டே துளைக்குள் இறங்கி, அடி வரைக்கும் போய் நின்றது.